நடந்து போகும் தூரத்தில் ஒரு படம்

முதலில் நான் எடுக்க நினைத்தது ஒரு நதியைப் பற்றிய படம். பிறக்கும் இடத்திலிருந்து கடலில் கலக்கும் இடம் வரை. அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கையில் ஒரு செல்பேசி, இரவல் வாங்கிய ட்ரைபாட். மூன்று பக்கத்துக்குத் திட்டம் எழுதியிருந்தேன், அதில் ட்ரோன் ஷாட்டெல்லாம் வேறு. ஒரு வார இறுதி முழுக்க அலைந்து எடுத்து வந்து போட்டுப் பார்த்தால் தண்ணீர் ஓடியது, பாலம் நின்றது, தூரத்தில் யாரோ நடந்து போனார். அந்த யாரோ யார் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் போய்க் கேட்கக் காசும் இல்லை, நாளும் இல்லை.

நான் எடுத்து முடித்த முதல் படம் 11 நிமிடம் ஓடும். வேதியியல் துறையின் கீழ்த்தளத்தில், ஆய்வகங்களில் உடைந்த குடுவைகளைத் தீயில் காட்டி ஒட்டிக் கொடுக்கும் ஒருவரைப் பற்றியது. கிளாஸ் ப்ளோயர் என்பார்கள். என் வகுப்பிலிருந்து அவர் பட்டறைக்கு ஆறு நிமிட நடை. அந்த செமஸ்டரில் அவரிடம் மொத்தம் 23 முறை போனேன்.

ஆவணப்படம் எடுக்கப் பழகும் மாணவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்த 23-ல் அடங்கிவிடும். தொழில்முறைக் குழுவிடம் நல்ல கேமரா இருக்கும், விளக்கு இருக்கும், ஆனால் மூன்றாம் நாள் மாலை மூட்டை கட்டியாக வேண்டும். நமக்கு அந்தக் கேமரா கிடையாது. ஆனால் பதினான்கு வாரம் ஒரே கதவைப் போய்த் தட்டலாம். அதைக் கைமுதலாக வைத்துத்தான் படத்தைத் திட்டமிட வேண்டும்.

எதை எடுப்பது

தனிமை, கல்விக் கடன், சுற்றுச்சூழல் எல்லாம் தலைப்புகள். கட்டுரைப் போட்டிக்கு ஆகும். படத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அவர் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவர் நினைப்பது நடக்காமல் ஏதாவது தடுக்கவும் வேண்டும். உங்கள் யோசனையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். என்னுடைய நதித் திட்டத்தின் வாக்கியம், "நதியின் அழகையும் அவலத்தையும் காட்டுவது." இதில் யார் என்ன செய்கிறார்? ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த படத்தின் வாக்கியம் இப்படி இருந்தது: "நான்கு மாதத்தில் ஓய்வு பெறப்போகும் கிளாஸ் ப்ளோயர், தனக்குப் பின் யாரும் நியமிக்கப்படாத பட்டறையில், கடைசி செமஸ்டரின் உடைசல்களைச் சரிசெய்கிறார்." அழகான வாக்கியம் இல்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

யோசனை வந்ததும் என்னை நானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். நடந்து போக முடியுமா? அங்கே கைகளுக்கு வேலை இருக்கிறதா? செமஸ்டர் முடிவதற்குள் அங்கே ஏதாவது மாறுமா? மூன்றாவதுதான் பலருக்கும் இடறும் இடம். மாற்றம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒருவர் பணி ஓய்வு பெறுவது, ஒரு கடை இடம் மாறுவது, ஒரு குழு போட்டிக்குத் தயாராவது போதும். மாற்றம் இருந்தால் படத்துக்கு முடிவு தானாக வரும். இல்லையென்றால் மாலைச் சூரியனைக் காட்டித்தான் முடிக்க வேண்டியிருக்கும். வகுப்பில் எங்கள் ஆண்டு எடுத்த படங்களில் நான்கு அப்படித்தான் முடிந்தன.

கேமரா இல்லாமல் மூன்று முறை

முதல் முறை கீழ்த்தளத்துக்குப் போனபோது அவர் தலை நிமிராமலே, "என்ன உடைஞ்சுது?" என்றார்.

"ஒண்ணும் உடையல சார். சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

"சும்மா பார்க்க இங்க யாரும் வரமாட்டாங்களேம்மா."

இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் கேமரா கொண்டுபோகவில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறைதான் உறைத்தது: கதவு திறக்கும்போதெல்லாம் அவர் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். பேராசிரியர் வந்தாலும், முதலாண்டு மாணவி வந்தாலும், தபால்காரர் வந்தாலும் "என்ன உடைஞ்சுது?" அதுவே படத்தின் தலைப்பானது, படத்தின் நடையும் ஆனது. முதல் நாளே கேமராவோடு போயிருந்தால் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தே இருக்காது. அவரும் கேமராவைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்று சொல்லியிருப்பார்.

இந்த மூன்று வருகையில் நோட்டில் என்ன எழுத வேண்டும்? என் நோட்டில் இருந்தவை: சன்னல் வெளிச்சம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை மேசைமேல் விழும். தீ எரியும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். பக்கத்துச் சுவரில் லிஃப்ட், ஏறி இறங்கும்போது உறுமல். செய்முறை வகுப்பு முடிந்த மறுநாள் காலையில்தான் உடைசல் அதிகம் வரும். ட்ரைபாடை வைக்க இரண்டே இடம்தான், அதில் ஒன்று அவசர வழிக்குக் குறுக்கே நிற்கிறது, ஆகவே ஒரே இடம். பார்த்தால் சலிப்பான குறிப்புகள். ஆனால் பிறகு போட்ட படப்பிடிப்புத் திட்டம் முழுக்க இதிலிருந்துதான் வந்தது.

அனுமதி வாங்குவதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். எனக்கு மூன்று இடத்தில் தேவைப்பட்டது: அவரிடம், துறைத் தலைவரிடம், பாதுகாப்பு அலுவலரிடம். எரிவாயுவும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கும் அறை அது. சில பல்கலைக்கழகங்களில் மனிதர்களை வைத்துச் செய்யும் எந்தத் திட்டத்துக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

படத்தில் வருபவரின் சம்மதம் இதிலிருந்து வேறு. படிவத்தில் கையெழுத்து வாங்கினேன், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் நான்கு விஷயத்தை வாயால் சொன்னேன்: படம் எங்கே காட்டப்படும், யார் பார்ப்பார்கள், எதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, எந்தக் கட்டம்வரை சொல்லலாம். எடிட்டிங்கில் படத்தை இறுதி செய்யும் நாள்வரை சொல்லலாம் என்று வைத்துக்கொண்டோம். உடைசலோடு வரும் மாணவர்களுக்காகக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டியதோடு நேரிலும் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஆசை. எடுக்கவில்லை. வேண்டாம் என்றால் கையும்தான் வேண்டாம்.

காதுக்கு முதல் செலவு

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு எனக்கு வரும் செய்திகளுக்கு அளவே இல்லை. எந்த மைக் என்று இதுவரை ஒருவர்தான் கேட்டார். செல்பேசியின் படம் இன்று பெரிய திரையில்கூடத் தாக்குப்பிடிக்கும். அதன் மைக் ஒரு கை தூரத்துக்கு அப்பால் தாக்குப்பிடிக்காது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஒரு காலர் மைக், அடுத்து காதை முழுக்க மூடும் ஹெட்போன், அப்புறம் ட்ரைபாட். கேமராவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். நிறுவனங்களைப் பற்றி நீண்ட நீண்ட படங்கள் எடுத்த ஃப்ரெடரிக் வைஸ்மன், கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியைத் தானே வைத்துக்கொண்டார். இயக்குநர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் ஹெட்போன் போடாத நாள் ஒன்று உண்டு. நான்காவது வருகை. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்காரக் கூச்சமாக இருந்தது. காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ய மறந்திருந்தேன். 40 நிமிடப் பேச்சு, அத்தனையும் கேமராவின் சொந்த மைக்கில், அடுப்பு இரைச்சலுக்குள் மூழ்கிப் பதிவாகியிருந்தது. தீயின் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். மென்பொருளில் அதை உறிஞ்சி எடுத்தால் கூடவே குரலின் உயிரும் போய், ஆள் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் கேட்கும். அந்த 40 நிமிடத்தில் ஒரு வாக்கியம்கூடப் படத்தில் இல்லை.

ஒலிக்கு நான் பழகிக்கொண்ட அளவுகள் இவை. பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணமாகப் பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்க வேண்டும். திடீரென்று சிரித்தால் மேலே ஏற அந்த இடைவெளி தேவை. பூஜ்யத்தைத் தொட்டால் உடைந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. காலர் மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாதபடி டேப்பால் ஒட்டி. ஒவ்வோர் இடத்திலும் கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல், அசையாமல், ஒரு நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப அது வேண்டும். வீடுகளில் பேட்டி எடுக்கும்போது ஃப்ரிட்ஜை அணைக்க நேர்ந்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்ப ஆன் செய்யாமல் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது.

தீ எரியும் நேரத்தில் அவர் பேச வேண்டாம் என்று முடிவெடுத்தேன். வேலை செய்யும்போது வேலையின் சத்தம் மட்டும். தீயை அணைத்து, ஃபேனையும் நிறுத்திய பிறகு பேச்சு. அந்தக் குரலை வேலை செய்யும் கைகள்மேல் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் குழாயில் கீறல் போடும் 'க்ரீச்', அதை மடக்கி உடைக்கும் 'டக்', சூளைக் கதவு மூடும் சத்தம் என்று ஒவ்வொன்றையும் மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தனியாகவும் எடுத்து வைத்தேன். படத்தில் பாதி அழுத்தம் அந்த 'டக்'கில்தான் வந்தது.

எடுக்கும்போது

கேமராவின் தானியங்கி வசதிகளை எல்லாம் முடக்குங்கள். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் டியூப்லைட், எல்.ஈ.டி. விளக்குகளின் துடிப்பும் இதில் அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள், வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். நான் பூட்டாமல் எடுத்த முதல் நாளில் ஒவ்வொரு முறை தீ எரியும்போதும் அறை இருட்டில் விழுந்தது, தீ அணைந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. செல்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடுவது தனியாகச் சொல்லவே வேண்டாத விஷயம், ஆனால் எல்லாரும் ஒருமுறை மறக்கிறார்கள்.

எந்த ஷாட்டையும் பத்து நொடியாவது அசையாமல் பிடியுங்கள். மனத்துக்குள் எண்ணுங்கள். புதிதாக எடுப்பவருக்கு மூன்றாவது நொடியிலேயே கை பரபரக்கும், கேமராவைப் பக்கவாட்டில் திருப்ப, அதாவது பான் செய்யத் தோன்றும். ஒரு செயலைத் துண்டுகளாக எடுக்கவும் பழகுங்கள்: கைகள், முகம், முகமும் கைகளும் சேர்ந்து, தோளுக்குப் பின்னாலிருந்து, பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம். இந்த ஐந்தும் இருந்தால் எந்த வேலையையும் வெட்டி ஒட்ட முடியும். அவர் குடுவையை ஒட்டுவது ஏழு நிமிட வேலை. படத்தில் 40 நொடி. ஐந்து கோணமும் இல்லாமல் அந்தச் சுருக்கம் நடந்திருக்காது.

ஒன்று மட்டும் எனக்கு வசப்படவே இல்லை. கண்ணாடி தீயில் பழுக்கும்போது அதிலிருந்து கிளம்பும் கடும் மஞ்சள் ஒளி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஒட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேமராவுக்குத் தெரியவில்லை, வெறும் மஞ்சள் பிழம்பு. எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்த்தேன், பலனில்லை. எட்டாவது வருகை அது. நான் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், டிராயரைத் திறந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து, "இத கேமராவுக்கு மாட்டு" என்றார். கிளாஸ் ப்ளோயர்கள் போட்டுக்கொள்வது டிடிமியம் கண்ணாடி. நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு தனிமங்கள் கலந்தது. கண்ணாடியிலுள்ள சோடியம் தீயில் வெளிவிடும் 589 நானோமீட்டர் மஞ்சளை அது விழுங்கிவிடும். லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். மஞ்சள் போய்விட்டது. இரண்டு குழாய்களும் தேன்போல் குழைந்து ஒன்றோடொன்று சேர்வது அப்படியே தெரிந்தது. அந்த ஷாட்டை எந்த லைட்டிங் வகுப்பும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. இரண்டாவது வருகையிலும் அது கிடைத்திருக்காது. அப்போது நான் அவருக்கு யாரோ.

பேட்டியைக் கடைசியில் வையுங்கள். நான் பதினேழாவது வருகையில் எடுத்தேன். கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பதிலைத் தயார் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்து, லென்ஸை ஒட்டி அவர் கண் மட்டத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் குரல் படத்தில் வராது என்றால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா சார்?" என்று கேட்டேன். "பிடிக்கும்" என்றார், முடிந்தது. "நீங்க முதன்முதல்ல உடைச்சது எது?" என்று கேட்டேன். ஒன்பது நிமிடம் பேசினார். கருத்தைக் கேட்காதீர்கள், ஒரு நாளைக் கேளுங்கள், ஒரு பொருளைக் கேளுங்கள்.

அப்புறம் மௌனம். "ஓய்வு பெறப் போறீங்களே, எப்படி இருக்கு?" என்று நானும் எல்லாரையும்போல் கேட்டுத் தொலைத்தேன். "நல்லா இருக்கு" என்றார். அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனத்துக்குள் ஏழு வரை எண்ணினேன். ஆறாவது எண்ணில் அவர், கண்ணாடிக் குழாயைப் பிடித்துச் சுழற்றும் லேத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு எண்ணெய் எங்க போடணும்னு என்னைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது" என்றார்.

எரியாமல் காப்பது

வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். எத்தனை மணி நேரம் எடுப்பீர்கள் என்று கணக்குப் போட்டு ஹார்ட் டிஸ்க்கை முதலிலேயே தேற்றுங்கள். மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். இரண்டு பிரதியைத் திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃப்ளாஹர்டி வட கனடாவில் இன்யூட் மக்களிடையே எடுத்த படச்சுருள்கள், சுமார் 30,000 அடி, 1916-ல் டொரண்டோவில் அவருடைய சிகரெட் நெருப்பு விழுந்து எரிந்துபோயின. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் அப்படிப் பற்றிக்கொள்ளும். இதை எல்லாரும் எச்சரிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதன் இரண்டாம் பாதி. ஒரு பிரதி தப்பியிருந்தது. அதைப் போட்டுப் பார்த்தவருக்கே அது பிடிக்கவில்லை. இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சி, சேர்த்துப் பிடிக்க நூல் இல்லை. என் நதிப் படம் மாதிரி. 1920-ல் திரும்பிப் போய், ஒரே ஒரு வேட்டைக்காரரின் குடும்பத்தை எடுத்தார். 1922-ல் வெளிவந்த 'நனூக் ஆஃப் தி நார்த்' அதுதான்.

மேசையில்

என்னிடம் 9 மணி 20 நிமிட ஃபுட்டேஜ் இருந்தது. படம் 11 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஐம்பது நிமிடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு ஒரு மாணவப் படத்துக்குத் தாராளமாகப் போதும். செல்பேசியில் எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல செல்பேசிகள் பிரேம் வேகத்தை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. அப்படியே டைம்லைனில் போட்டால் தனியாக எடுத்த ஒலி மெல்ல மெல்ல உதட்டிலிருந்து விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போடுங்கள். கேமராவுக்கு முன் ஒருமுறை கை தட்டிவிட்டுத் தொடங்கினால் ஒலியையும் படத்தையும் இணைப்பது சுலபம்.

முதலில் எல்லாவற்றையும் பாருங்கள், வெட்டாமல். பார்க்கும்போதே ஒவ்வொரு கிளிப்பிலும் என்ன இருக்கிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பேட்டி முழுவதையும் எழுத்தாக்குங்கள். தானியங்கி மென்பொருளிடம் விட்டாலும் காதால் ஒருமுறை கேட்டுத் திருத்துங்கள், அந்தக் கேட்பதில்தான் படம் உருவாகிறது. நான் எழுத்துப் பிரதியை அச்செடுத்து, கத்தரியால் வெட்டி, தரையில் பரப்பி வரிசை மாற்றினேன். கணினியில் செய்ய வேண்டியதைக் காகிதத்தில் செய்வது பத்தாம்பசலித்தனம் என்று அறைத்தோழி சிரித்தாள். ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைக்கும்போது மனசு கேட்காது, டெலீட் பொத்தானை அழுத்தும்போது அது தெரிவதேயில்லை. அதனால் எனக்குக் காகிதம்தான்.

முதல் வடிவம் 38 நிமிடம், அடுத்தது 19. இரண்டுமே பொறுக்க முடியாதவை. என் வாய்ஸ் ஓவர் வேறு இரண்டு பக்கம். "கண்ணாடி நொறுங்கும், மனிதன் நொறுங்கமாட்டான்" என்கிற ரகம். அதைத் தூக்கியதும் படம் மூச்சு விட்டது. ஆவணப்படங்களை விளக்கும் முறை, கவனிக்கும் முறை, பங்கேற்கும் முறை என்று ஆறு முறைகளாகத் திரைப்பட ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் பிரித்திருப்பதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். மனப்பாடம் செய்ததை இங்கே பயன்படுத்துங்கள்: உங்கள் குரல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நான் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றுகொண்டிருந்தேன். அதுதான் கோளாறு.

ஒலியைப் படத்துக்கு ஒரு நொடி முன்னால் தொடங்குவது, படம் மாறிய பிறகும் ஒலியை நீட்டுவது, இந்த இரண்டையும் பழகினாலே உங்கள் வெட்டுகள் பாதி மறைந்துவிடும். என் படம் கறுப்புத் திரையில் கதவுச் சத்தத்தோடும் "என்ன உடைஞ்சுது?" என்ற குரலோடும் தொடங்கும். அவர் முகம் மூன்றாவது கேள்வியில்தான் தெரியும்.

இசை போடவில்லை. போடுகிறவர்கள் கவனிக்க: ஒரு பாட்டில் மெட்டு, வரிகளுக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவுக்கு வேறொரு உரிமை, இரண்டும் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் (சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமம்) என்று போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. அதில் 'வழிப்படைப்பு கூடாது', அதாவது இதை மாற்றி வேறொன்று உருவாக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் படத்தோடு சேர்க்க முடியாது, ஏனென்றால் படத்தின் ஓட்டத்தோடு இசையைப் பொருத்துவதே அந்த உரிமங்களின்படி வழிப்படைப்பு.

19 நிமிட வடிவத்தை மூன்று பேருக்குக் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எந்த இடத்தில் செல்பேசியை எடுக்கிறார்கள் என்று நேரம் குறித்தேன். மூன்று பேரும் எடுத்த இடம் ஒன்று இருந்தது. லேத்துக்கு எண்ணெய் போடும் நீண்ட காட்சி. வெட்டினேன்.

அவருக்குக் காட்டியது

படத்தை ஒப்படைக்கும் முன் படத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள். ஃப்ளாஹர்டியே எடுத்ததை அங்கேயே கழுவிப் போட்டுக் காட்டினார். இதனால் மட்டும் படம் உண்மையாகிவிடாது. கேமராவுக்கு வெளிச்சம் போதாமல் ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டவைத்து எடுத்தவரும் அவர்தான். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மோரனும் 1961-ல் இன்னும் ஒரு படி போய், தங்கள் படத்தில் வந்தவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டி, அவர்கள் அடித்துக்கொண்ட விவாதத்தையும் படத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. மடிக்கணினியைப் பட்டறை மேசைமேல் வைத்து, ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன்.

முழுக்கப் பார்த்தார். பிறகு, "சூளை எங்க?" என்றார்.

ஒட்டிய குடுவையை அப்படியே கொடுத்துவிட முடியாது. உள்ளே அழுத்தம் நின்றுவிடும், சும்மா மேசைமேல் இருக்கும்போதே பிளக்கலாம். சுமார் 560 டிகிரி சூட்டில் சூளையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். படத்தை விறுவிறுப்பாக்க நான் அதை வெட்டிவிட்டு, தீயிலிருந்து நேராக ஒரு மாணவி குடுவையை வாங்கிக்கொண்டு போகும் ஷாட்டுக்குத் தாவியிருந்தேன். பார்க்கிற யாருக்கும் தெரியாது. "இப்படிக் குடுத்தா நான் வேலை தெரியாதவன்னு அர்த்தம்" என்றார். கோபம் எதுவும் இல்லை, மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

சூளைக்கு 14 நொடி கொடுத்தேன். மூடும் கதவு, இருட்டு அறை, மறுநாள் சன்னல் வெளிச்சம். இதற்காக வேறு இடங்களில் குறைத்து, ஒலியை மறுபடி சமன் செய்து, சப்டைட்டில் நேரங்களை நகர்த்த இரண்டு நாள் ஆனது. ஒப்படைக்கும் தேதி தாண்டிவிட்டது, மதிப்பெண் குறைந்தது. நீங்கள் இந்தத் திரையிடலை எட்டு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அவர்கள் விதிகளைப் படியுங்கள். சில விழாக்கள் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் ஏற்கின்றன.

இறுதி வடிவத்தை ஒரு பென் டிரைவில் போட்டு அவரிடம் கொண்டுபோனபோது அது அவருடைய கடைசி வாரம். நன்றி சொல்லி வாங்கி வைத்தார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"லேத்துக்கு எண்ணெய் போடுறத ஒரு நாள் முழுசா எடுத்தியேம்மா, அது இருக்கா?"

"படத்துல இல்ல சார். எல்லாருக்கும் போரடிச்சுது."

"படத்துல வேணாம். அத வெட்டாம அப்படியே குடு. அடுத்து வர்றவனுக்கு வேணும்."

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, 26 நிமிடம். அவர் எந்தத் துளையில் எத்தனை சொட்டு என்று சொல்லிக்கொண்டே போடுகிறார், ஃபேன் நிற்கிறது, ஒலி துல்லியம். மறுநாள் காலை துறையின் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். கோப்புக்குப் பெயரை அவரே தட்டச்சு செய்தார்.